பிரிசில்லா பெயரில் அழிக்கப்பட்ட நான்கு வரிகள்

ரஞ்சித்குமாரின் பெயர் போனில் தெரிந்தபோது பிரிசில்லா மொட்டை மாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக அந்த எண்ணை அவள் அழிக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை. மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"பிரிசில்லா, நான் ரஞ்சித். பழைய ஆபீஸ்ல..."

"தெரியுது. சொல்லு."

"நொச்சியில டீபக்கர் செத்துப்போவுது. எந்த புரோகிராமை ஸ்டார்ட் பண்ணாலும் அதே கதி. மூணு மாசமா மல்லுக்கட்டிகினு கீறோம், யாருக்கும் பிடிபடல. புது மேடம் பழைய ஃபைல்ல உன் பேரைப் பாத்துட்டு, உன்னாண்ட கேக்கச் சொன்னாங்க."

"ராஜாராம் அங்கதான் கீறாரா?"

"கீறாரு. இப்ப டெலிவரி ஹெட்."

"அப்ப நான் செய்றேன்னு சொல்லு."

ரஞ்சித் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்தவன் போலத் தடுமாறி, நன்றி சொல்லி வைத்தான். பிரிசில்லா போர்வையை மறுபடி எடுத்து, அதில் தூசு ஏதும் மிச்சமில்லாதபோதும், தோள் வலிக்கிற வரைக்கும் உதறினாள்.

அவள் செங்கல்பட்டுக்காரி. அப்பா ஏசுதாஸ் ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்கியவர். அம்மா பொன்னி கல்யாணமான புதிதில் திருக்கழுக்குன்றம் பக்கம் நாற்று நடப் போனவள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்து வயலை விட்டு வந்தாள். அந்தத் தெருவில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவள் பிரிசில்லா. கேளம்பாக்கத்துக்கு அருகே, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் இருபத்துநாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர்களே உருவாக்கிய சின்ன இயங்குதளத்துக்கு நொச்சி என்று பெயர். அதற்கு ஒரு டீபக்கர் வேண்டியிருந்தது. ஒரு புரோகிராமைத் தன் பிடியில் வைத்து, அடியடியாக நடக்கவிட்டு, எங்கே இடறுகிறது என்று காட்டுகிற கருவி அது. வேறு இரண்டு இயங்குதளங்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீபக்கரை எடுத்து, அதை நொச்சிக்குக் கொண்டுவரும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் எடுத்துச் செய்தாள்.

அது எப்படிப் போனது என்பதை அவள் யாருக்கும் விவரித்துச் சொன்னதில்லை. ஜெரோமுக்குக்கூடக் கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

2018 ஏப்ரல் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. ஜெர்மனியிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் முன்னால் டீபக்கரை ஓட்டிக் காட்ட வேண்டும். டீம் லீட் ராஜாராம் ஒரு புரோகிராமை ஸ்டார்ட் செய்தார். டீபக்கர் அந்த இடத்திலேயே செத்தது. மறுபடி ஓட்டினார், மறுபடி செத்தது. வந்தவர்கள் மரியாதையாகச் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். பத்து நிமிடம் கழித்து ராஜாராம் மொத்த டீமையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். புரோகிராம் முழுசாகப் பிறக்கிறவரை காத்திருக்கச் சொல்லும் நான்கு வரிகளை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்தவர் பெயர் பிரிசில்லா ஏசுதாஸ் என்று, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் எனக் குறித்துவைக்கும் பதிவு சொல்கிறது.

"நான் அழிக்கல சார். அதை எழுதுனதே நான்தான்."

"சிஸ்டம் பொய் சொல்லுமா?" என்றார் ராஜாராம். பிறகு அவளைப் பார்க்காமல், மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாதிரி இடத்துலேர்ந்து வர்றவங்களை நம்பிப் பெரிய வேலை குடுத்தது என் தப்பு."

எந்த மாதிரி இடம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. ரஞ்சித்குமார் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தான், தன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் அவளுடைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டார்கள். செக்யூரிட்டி ஒருவர் கூடவே நடந்து வந்து, கேட்டுக்கு வெளியே விட்டார்.

ஏசுதாஸ் ஒரே ஒரு முறைதான் கேட்டார். "நீ தப்பு பண்ணலைல்ல கண்ணு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு வார்த்தை. "தெரியலப்பா."

நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் சரியாகத் தூங்காமல் வேலை செய்திருந்தாள். அந்தப் பதிவை அவள் கண்ணால் பார்க்கவில்லை, தேதி என்ன, நேரம் என்ன, எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் பெயர் அதில் இருக்கிறது என்பதுதான். தூக்கக் கலக்கத்தில் நானே அழித்துவிட்டேனோ என்று முதலில் ஒரு ராத்திரி தோன்றியது, பிறகு பகலிலும் தோன்ற ஆரம்பித்தது. எதை எழுதினாலும் நாலு தடவை திரும்பிப் பார்ப்பாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஏறியபின் இறங்கி வருவாள். வேலைக்குப் போன இடங்களில் பழைய நிறுவனத்தில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இரண்டு வருடம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். தெருவில் ஞானம்பாள் என்கிற உறவுக்காரி, "பெரிய படிப்பு படிச்சவ ஆபீஸ்ல ஏதோ கைவரிசை காட்டிட்டாளாம்" என்று குழாயடியில் சொல்லித் திரிந்தாள். 2020இல் ஏசுதாஸ் நெஞ்சுவலியில் போனார். 'தெரியலப்பா' என்ற பதிலோடுதான் அவர் போனார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ராஜாராம் மேல் வெறுப்பு ஒரு வேலை மாதிரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டி போட்டு, எல்லோரும் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது, இவள் அந்த ஆள் ஒரு கூட்டத்தின் நடுவில் வாயடைத்து நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வாள். சாகவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. செத்தால் தப்பித்துவிடுவார்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தபின் கை நிமிர்ந்தது. ஜெரோம் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். கல்யாணமானதும் இருவரும் திருவிடந்தையில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தார்கள். டீபக்கர் பழுது பார்ப்பதில் அவள் பெயர் மெல்ல வெளியே தெரிந்தது. பழைய ஃபைலில் கண்ட பெயரும் அதுவும் ஒன்றுதான் என்று புது மேடம் கண்டுபிடித்திருந்தாள்.

புது மேடம் வரலட்சுமி பொறியியல் பிரிவின் தலைவி. இரண்டு வருடம் முன்னால்தான் வந்தவள். வீடியோ அழைப்பில் சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"இங்க உங்களுக்கு நல்லபடியா நடக்கலைன்னு கேள்விப்பட்டேன். அப்படியும் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கு ரெண்டு விஷயம் வேணும் மேடம். பழைய பதிவு மொத்தமும் நான் பாக்கணும், முதல் நாள்லேர்ந்து. அப்புறம், இந்தக் கோளாறு எப்படி வந்துச்சுன்னு நான் ஒரு அறிக்கை எழுதுவேன். அதை ஒரு வார்த்தை மாத்தாம டீம் முன்னாடி வாசிக்கணும்."

வரலட்சுமி யோசித்தாள். "அறிக்கையில பொய் இருக்காதே?"

"இருந்தா நீங்களே கிழிச்சுப் போடுங்க."

மறுநாள் எழுத்தில் ஒப்புதல் வந்தது. ரஞ்சித்குமார் நொச்சி ஓடும் சர்க்யூட் போர்டில் புதியது ஒன்றும் பழையது ஒன்றும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். மாடிக்கு ஏறி வந்தவனை அவள் உட்காரச் சொல்லவில்லை. அவனும் நிற்கவில்லை.

முதல் நாள் அவள் பதிவைத் திறக்கவே இல்லை. முதலில் கோளாறு. சாப்பாட்டு மேசையைக் காலி செய்து இரண்டு போர்டுகளையும் வைத்தாள். புதியதில் டீபக்கரைத் திறந்து, ஒரு சின்ன புரோகிராமை ஸ்டார்ட் செய்தாள். செத்தது. பத்து முறை செய்தாள், பத்து முறையும் செத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் போய் ஒட்டிக்கொள்ளச் சொன்னால் மட்டும் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது. பழைய போர்டில் நூறு முறை ஸ்டார்ட் செய்தாள், மூன்று முறை மட்டும் செத்தது. ஆக, கோளாறு பிறக்கும் நேரத்தில். இன்னொரு டீபக்கரை எடுத்து, செத்த டீபக்கரையே அதற்குள் போட்டுப் பார்த்தாள்.

ஒரு புரோகிராமை ஸ்டார்ட் செய்யும்போது நொச்சி இரண்டு அறிவிப்பு அனுப்புகிறது. புரோகிராம் பிறந்துவிட்டது என்று ஒன்று. அதன் முதல் இழை, அதாவது த்ரெட், ஓடத் தயார் என்று இன்னொன்று. மற்ற இயங்குதளங்களில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். நொச்சியில் இடையே ஒரு கண இடைவெளி உண்டு. டீபக்கர் முதல் அறிவிப்பு வந்தவுடனே, 'எங்கே உன் முதல் இழை' என்று இழைகளின் பட்டியலுக்குள் கையை விட்டுத் தேடுகிறது. பட்டியல் காலி. இல்லாததைத் தொட்டுத் தானே செத்துப்போகிறது. இதற்காகத்தான் அவள் அன்றைக்கு அந்த நான்கு வரிகளை எழுதியிருந்தாள்: பட்டியல் காலியாக இருந்தால் காத்திரு.

அந்த இடத்தில் இப்போது வேறு ஒரு வரி இருந்தது. நூறு மில்லிசெகண்ட் சும்மா தூங்கு. அவ்வளவுதான். டெமோவுக்கு மறுநாள் ராஜாராம் போட்டது என்று அந்த வரியின் பக்கத்திலேயே அவர் பெயரும் தேதியும் குறிப்பாக இருந்தன. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் தூங்கிவிட்டு எழுவது. ஏழு வருடம் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது. புதிய போர்டில் இரண்டாவது அறிவிப்பு நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகிறது, அதிர்ஷ்டமும் தீர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை நாஸ்தா முடித்து, ஜெரோம் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பழைய பதிவைத் திறந்தாள். தன் பெயரைத் தேடினாள். வந்தது.

பிரிசில்லா ஏசுதாஸ். 2018 மார்ச் 30. மதியம் 1.12. தேவையில்லாத காத்திருப்பு நீக்கப்பட்டது.

அந்தத் தேதி என்ன கிழமை என்று பார்த்தாள். வெள்ளி. ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி. பெரிய வெள்ளிக்கிழமை.

பிரிசில்லா எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை அவள் செங்கல்பட்டில், கோயிலில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் மின்விசிறி நின்றுபோய், ஏசுதாஸ் தன் துண்டால் அவளுக்கு விசிறிவிட்டது நினைவுக்கு வந்தது. வியாழன் மாலை ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது ராஜாராம் சொன்னதும் வந்தது: "உன் மெஷினை லாக் பண்ணாத. டெஸ்ட் ஓடட்டும், நான் வந்து பாத்துக்கறேன்."

ஜெரோம் சாயங்காலம் வந்தபோது வீட்டில் விளக்குப் போடவில்லை, உலை வைக்கவில்லை.

"இன்னா ஆச்சு, இப்டி குந்திகினு கீற?"

"நான் அழிக்கல ஜெரோம்."

"அதான் எப்பவும் சொல்லிகினு கீறேன்."

"நீ சொன்ன. நான் இப்பத்தான் பாத்தேன்." திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் தேதியைப் படித்தான், கணக்குப் போட்டான், மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"முதல்ல பசிக்குது. நீ போய் புரோட்டா வாங்கினு வா. அப்புறம் அவரைப் பாத்துக்கிறேன்."

வரலட்சுமிக்கு ஒரு வரியில் அஞ்சல் எழுதினாள். 2018 மார்ச் 30 அன்று அலுவலகத்துக்குள் வந்தவர்களின் நுழைவுப் பதிவு வேண்டும். காரணம் கேட்டபோது, பதிவின் படத்தையும் அன்று பெரிய வெள்ளிக்கிழமை என்று காட்டும் நாள்காட்டிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. விடுமுறை நாள். செக்யூரிட்டியைத் தவிர ஒரே பெயர்.

அந்த இரண்டு நாளில் அவள் சும்மா இருக்கவில்லை. நான்கு வரிகளைத் திரும்ப எழுதினாள். எழுதும்போது ஒன்று உறுத்தியது. அவளுடைய பழைய வரிகள் சரியானவை, ஆனால் மந்தமானவை. அறிவிப்பு வந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம்தான் எட்டிப் பார்க்கும். சில சமயம் இரண்டு நொடி இழுத்துவிடும். டெமோவில் அது அசிங்கமாகத்தான் தெரிந்திருக்கும். இந்த முறை, அறிவிப்பு வந்த கணமே விழித்துக்கொள்ளும்படி எழுதினாள். தன் பழைய குறையையும் அறிக்கையில் முதல் பத்தியிலேயே போட்டாள். தன் பக்கத்து அழுக்கை ஒளித்துவைத்தால் அந்த ஆள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு ஒரு பிடி கயிறுகூட மிச்சம் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டியது ராஜாராம். பட்டு வேட்டி, நெற்றியில் திருமண். நுழைவுப் பதிவை யாரோ கேட்டார்கள் என்ற செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது.

"பொண்ணுக்கு வரன் கூடணும்னு இந்த ஊர் பெருமாள் கோயிலுக்கு வந்தோம். அப்படியே உன்னையும் பாத்துட்டுப் போலாம்னு."

"வாங்க சார்," என்றாள் பிரிசில்லா. ஏழு வருடம் கழித்தும் வாயிலிருந்து அந்த 'சார்' தானாக வந்து விழுந்ததில் அவளுக்குத் தன் நாக்கின் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் போர்டுகள் கிடந்த மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஜெரோம் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அறிக்கையில டெக்னிக்கல் விஷயம் மட்டும் எழுதும்மா. பழசைக் கிளர்றதுல யாருக்கு லாபம்?"

"எனக்கு."

"நான் வேணும்னு செய்யல பிரிசில்லா. உன் கோட் ரெண்டு செகண்ட் இழுத்துச்சு. திங்கட்கிழமை டெமோ. உன் மெஷின் திறந்திருந்துச்சு, அதுலயே மாத்திட்டேன். உன் பேரு தானா விழுந்துச்சு."

"வெள்ளிக்கிழமை தானா விழுந்துச்சு. ஒத்துக்கறேன்," என்றாள் அவள். "திங்கட்கிழமை அதைத் தாள்ல எடுத்துனு வந்து, இருபது பேரு முன்னாடி வாசிச்சது தானா நடக்கல."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அந்த டெமோ கவுந்தா மொத்த டீமும் போயிருக்கும். இருபது குடும்பம்."

"ஒரு போன் பண்ணியிருந்தா அரை மணி நேரத்துல சரிபண்ணிக் குடுத்திருப்பேன். நீங்க கேக்கல. கேட்டா, அந்தக் கோட் எழுதுனது நான்தான், நீங்க இல்லன்னு வெளிய சொல்லணும்ல."

"உனக்கு இப்ப என்னதான் வேணும்?"

"செவ்வாய்க்கிழமை அறிக்கை வாசிக்கிற மீட்டிங்ல நீங்க இருக்கணும். லீவு போடக் கூடாது."

"என் பொண்ணு கீழ கார்ல இருக்கா பிரிசில்லா. அவ கல்யாணம் பேசற நேரம்."

பிரிசில்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பின் சீட்டில், கழுத்தில் கோயில் மாலையோடு ஒரு பெண் போனை வைத்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கண் சுருங்கிய, களைத்த முகம். அந்த ஒரு நிமிடம் பிரிசில்லாவுக்குள் ஏதோ இளகப் பார்த்தது. அவள் ஜெரோமிடம், "ஃபிரிட்ஜ்ல மோர் கீது. அந்தப் பொண்ணுக்கு ஒரு டம்ளர் குடுத்துட்டு வா," என்றாள். பிறகு ராஜாராமிடம் திரும்பினாள். "எங்கப்பாவும் ஒரு பொண்ணைப் பெத்தவருதான் சார். அவர் எதையும் தெரிஞ்சுக்காமலே போயிட்டாரு. நீங்க கெளம்புங்க."

செவ்வாய்க்கிழமை அவர் லீவு போடவில்லை. போட்டிருந்தால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

அதே நான்காவது மாடி, அதே கண்ணாடி அறை. நாற்காலிகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். இருபத்திரண்டு பேர். பாதி முகங்கள் அவளுக்குப் புதிது. பிரிசில்லா போர்டை மேசை நடுவில் வைத்து, பெரிய திரையில் இணைத்து, கீபோர்டை ராஜாராம் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

"நீயே காட்டலாமே."

"அன்னிக்கும் நீங்கதான் ஓட்டுனீங்க."

அவர் தட்டினார். டீபக்கர் செத்தது. திரையில் ஒரு வரிச் செய்தி மட்டும் மின்னியது. அவள் எழுந்து நின்று அறிக்கையை வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு அறிவிப்பு, இடைவெளி, காலிப் பட்டியல், நூறு மில்லிசெகண்ட் தூக்கம். தன் பழைய வரிகள் மந்தமாக இருந்ததைக் குரல் இறக்காமல் வாசித்தாள். பிறகு நிறுத்தி, திரையில் பழைய பதிவைக் கொண்டுவந்தாள்.

"இந்த வரியை மட்டும் ராஜாராம் சார் வாசிக்கணும். முதல் தடவையும் அவர்தான் வாசிச்சாரு."

"எல்லாருக்கும்தான் தெரியுதே," என்றார் அவர்.

"வாசிங்க ராஜாராம்," என்றாள் வரலட்சுமி.

அவர் வாசித்தார். பெயர், தேதி, நேரம். தேதியை வாசிக்கும்போது அந்தப் பக்கம் யாரோ, "குட் ஃப்ரைடே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எல்லோருக்கும் கேட்டது. பிரிசில்லா அடுத்ததாக நுழைவுப் பதிவைப் போட்டாள். ஒரே ஒரு பெயர். அதை அவர் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் அவசரப்படுத்தவில்லை. ஏழு வருடம் கேட்டுக்கொண்டது கண்ணெதிரே நடக்கும்போது அதைக் குறுக்க அவளுக்கு மனமில்லை.

கடைசியில் ரஞ்சித்குமார் எழுந்தான். "ராஜாராம்னு போட்டிருக்கு. காலையில ஒன்பது நாப்பதுக்கு உள்ள, சாயங்காலம் நாலு அஞ்சுக்கு வெளிய. வேற யாரும் இல்ல." உட்காராமல் மேலும் சொன்னான். "அன்னிக்கு பிரிசில்லா ஆபீஸ்ல இல்லன்னு எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே ஊருக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. தேதியும் அந்தத் தாள்ல பாத்தேன். அப்ப நான் வாயைத் திறக்கல."

அவனைப் பார்க்க பிரிசில்லா திரும்பவில்லை. சரிசெய்த டீபக்கரைப் போர்டில் ஏற்றினாள். "இப்ப இது ஐந்நூறு தடவை புரோகிராமை ஸ்டார்ட் பண்ணும். ஒரு தடவை செத்தாலும் என் வேலை முடியலைன்னு அர்த்தம். எல்லாரும் இருந்து பாக்கணும்."

எண்கள் திரையில் ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்நூறு தடவைக்கு ஆறு நிமிடம் ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஐம்பது தடவை ஓட்டிக் காட்டியிருந்தாலே போதும். ஆறு நிமிடமும் ராஜாராம் அந்த அறையில், தன் பெயர் பெரிய திரையின் ஓரத்தில் தெரிய, யாரும் தன்னோடு பேசாமல் உட்கார்ந்திருக்கவேண்டும் என்றுதான் ஐந்நூறு வைத்தாள். நானூறு தாண்டியபோது அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். காலியாக இருந்தது. வைத்துவிட்டார். ஐந்நூறு வந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.

வரலட்சுமி எழுந்து, எல்லோர் முன்னாலும் நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு தனியாகக் கூப்பிட்டு, வாடிக்கையாளருக்குப் போகும் பிரதியில் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அந்தப் பத்தியில்தான் பெயர்கள் இருந்தன.

"அன்னிக்கு ஜெர்மன்காரங்ககிட்டயும் என் பேரைத்தான் சொன்னாங்க மேடம்," என்றாள் பிரிசில்லா. பத்தி அப்படியே போயிற்று.

ராஜாராம் இருபது நாளில் ராஜினாமா செய்தார். கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளை மறுபடி வேலைக்கு அழைத்தார்கள், மறுத்துவிட்டாள். வெளியிலிருந்து டீபக்கரைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்தத்தை மட்டும் ஏற்றுக்கொண்டாள். நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜெரோமோடு செங்கல்பட்டுக்குப் போனாள். பொன்னிக்கு இங்கிலீஷ் தெரியாது. மகளைத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். பிறகு புடவை மாற்றி, தலை வாரிக்கொண்டு, கடிதத்தோடு கிளம்பினாள்.

"எங்கம்மா போற?"

"ஞானம்பா வூட்டுக்கு."

"அவுங்களுக்கும் இங்கிலீஷ் தெரியாதேம்மா."

"அவ பேத்தி காலேஜ்ல படிக்கிறா. அவள வுட்டே படிக்கச் சொல்றேன். சத்தமா." போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், மகளுக்கு மீன் குழம்பு ஊற்றினாள்.

ரஞ்சித்குமாரிடமிருந்து மூன்று செய்தி வந்திருந்தது. மூன்றும் ஒரே விஷயம்தான்: நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். பிரிசில்லா படித்தாள், பதில் போடவில்லை.

திருவிடந்தைக்குத் திரும்பும்போது ஜெரோம் பைக்கை மாமல்லபுரம் வழியாக விட்டான். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் நிறுத்தி, டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்காத."

"கேளு."

"அந்தாளு மூஞ்சி போன போக்கை நெனச்சா எனக்கே ஒரு மாதிரியா கீது. உனக்குப் பாவமாவே இல்லியா?"

பிரிசில்லா டீயை ஊதிக் குடித்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல," என்றாள். "வந்தா சொல்றேன்."